தோற்றவர் கையிலுள்ள தாள்

விளையாட்டு வரலாறு என்று நாம் படிப்பது பெரும்பாலும் வென்றவர்களின் வரலாறுதான். கோப்பை யாருக்கு, எந்த ஆண்டு, எத்தனை புள்ளி என்று பார்த்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். எதிரே உட்கார்ந்து தோற்றவர் என்ன பார்த்தார், என்ன நினைத்தார் என்று யாரும் கேட்பதில்லை. கிரிக்கெட்டிலோ டென்னிஸிலோ கேட்கலாம் என்றாலும் ஆள் கிடைப்பது கஷ்டம். ஆபீஸ் முடிந்து மைதானத்துக்குப் போகிற நம்மைப் போன்றவர்கள் கபில்தேவ் பந்தைச் சந்திப்பது கனவில்தான். சதுரங்கத்தில் மட்டும் இந்த வேலி கொஞ்சம் தாழ்வானது. ஊருக்கு வருகிற உலக சாம்பியனோடு ஒரு பள்ளிக்கூட வாத்தியார், ஒரு பேங்க் கிளார்க், ஒரு எட்டாம் வகுப்புப் பையன் ஆகியோர் முறைப்படி உட்கார்ந்து ஆடலாம். அதற்கென்றே ஒரு ஏற்பாடு நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இருந்துவருகிறது. ஆங்கிலத்தில் சைமல்டேனியஸ் எக்ஸிபிஷன் என்பார்கள். ஆட்டக்காரர்கள் வாயில் அது சுருங்கி ‘சைமல்’ ஆகிவிட்டது. இந்தச் சைமலில் தோற்றவர்களின் நினைவுகளை வரலாற்றுச் சான்றாக எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதுதான் இக்கட்டுரையின் பொருள்.

முதலில் அது நடக்கும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன், ஆடாத அன்பர்களுக்காக. மேஜைகளைக் குதிரை லாடம் போல வளைத்துப் போட்டிருப்பார்கள். வெளிப்பக்கம் இருபது பேரோ ஐம்பது பேரோ வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். உள்பக்கம் சாம்பியன் ஒருவர்தான். அவருக்கு நாற்காலி கிடையாது. பெரும்பாலும் எல்லாப் பலகையிலும் வெள்ளைக் காய் அவருக்கே. ஒரு பலகையில் காயை நகர்த்திவிட்டு அடுத்ததற்கு நகர்ந்துவிடுவார். ஒரு சுற்று சுற்றி அவர் திரும்பி வந்து எதிரே நிற்கும்போது நாம் நம்முடைய காயை நகர்த்த வேண்டும். அதற்கு முன்னாலேயே நகர்த்திவிடக் கூடாது. ஆரம்பத்தில் ஒரு சுற்றுக்குப் பத்து நிமிஷம்கூட ஆகும். ஆட்கள் தோற்றுத் தோற்று எழுந்து போகப் போக, சுற்று வேகமாகும். கடைசியில் மிஞ்சுகிற நாலைந்து பேருக்கு மூச்சு விடவே நேரமிருக்காது. மூன்று மணி நேரம் தாக்குப்பிடித்தவன் கடைசிப் பத்து நிமிஷத்தில் கவிழ்வது இதனால்தான்.

இந்த ஏற்பாட்டில் வரலாற்று மாணவன் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று ஒளிந்திருக்கிறது. சாதாரணப் போட்டியில் இரண்டு பேரும் தங்கள் நகர்த்தல்களை ஸ்கோர் ஷீட்டில் எழுதுவார்கள். சைமலில் சாம்பியன் எதையும் எழுதுவதில்லை. ஐம்பது பலகைக்கு நடந்துகொண்டிருப்பவரால் எப்படி எழுத முடியும்? எழுதுவது எதிரே இருப்பவர் மட்டும்தான், அவரும் விருப்பப்பட்டால். ஆக, உலக சாம்பியன்கள் ஆடிய ஆயிரக்கணக்கான சைமல் ஆட்டங்களில் இன்று நமக்குத் தெரிந்தவை எல்லாம் ஏதோ ஒரு பெயர் தெரியாத ஆள் எழுதி, மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனதால் தெரிந்தவை. கல்வெட்டு வெட்டியது ராஜா அல்ல, வரி கட்டின குடிமகன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாதிரி.

இதற்கு நல்ல உதாரணம் பாபி ஃபிஷர். 1963–64ஆம் ஆண்டு அமெரிக்க சாம்பியன்ஷிப்பில் பதினொரு ஆட்டங்களில் பதினொன்றையும் வென்ற கையோடு, 1964 பிப்ரவரி முதல் மே வரை அவர் அமெரிக்காவையும் கனடாவையும் சுற்றி வந்தார். ஏறத்தாழ 40 ஊர்கள், சுமார் 2000 ஆட்டங்கள். ஒரு ஊருக்குக் கட்டணம் 250 டாலர். முதலில் ஒரு சொற்பொழிவு, அப்புறம் ஐம்பது பலகை வரைக்கும் சைமல். அப்போது அவருக்கு வயது இருபது. பயணத்தின் நடுவில்தான் இருபத்தொன்று ஆனது. எட்டு வருஷம் கழித்து 1972இல் அவர் உலக சாம்பியன் ஆனபோது, அந்த 2000 ஆட்டங்களைத் தொகுத்து வைத்தவர் யாருமில்லை. பிற்பாடு ஜான் டொனால்ட்சன் என்ற அமெரிக்க ஆட்டக்காரர் பழைய செய்தித்தாள்கள், கிளப் இதழ்கள் எல்லாவற்றையும் துழாவி, ஆடியவர்களைத் தேடிப் பிடித்து, அவர்கள் வைத்திருந்த தாள்களையும் ஞாபகங்களையும் சேர்த்து 1994இல் ஒரு புத்தகமாகவே கொண்டுவந்தார். அப்படியும் 2000இல் ஒரு சிறு பகுதிதான் தேறியது. மீதி ஆட்டங்கள் காற்றோடு போயின.

எந்தத் தாள்கள் தப்பிப் பிழைத்தன, எவை குப்பைக்குப் போயின என்று யோசித்தால் ஒரு சிக்கல் தெரியும். 2011 பிப்ரவரியில் ஈரானிய கிராண்ட்மாஸ்டர் எஹ்ஸான் காயம் மகாமி டெஹ்ரானில் 604 பேரோடு ஒரே நேரத்தில் ஆடினார். இருபத்தைந்து மணி நேரத்துக்கும் மேல் நடந்தது. 580 வெற்றி, 16 டிரா, 8 தோல்வி. அவரை ஜெயித்த எட்டுப் பேரும் டிரா செய்த பதினாறு பேரும், ஆக 24 பேர், தங்கள் தாளைச் சட்டம் போட்டு மாட்டினாலும் ஆச்சரியமில்லை. தோற்ற 580 பேரில் எத்தனை பேர் பத்திரப்படுத்துவார்கள்? ஒரு பேச்சுக்கு 24 பேர் என்று வைப்போம். ஐம்பது வருஷம் கழித்து ஓர் ஆராய்ச்சியாளர் வந்து கிடைத்த 48 தாள்களை மட்டும் பார்த்தால், ‘இந்த மனிதர் பாதி ஆட்டம்தான் ஜெயித்திருக்கிறார், சுமாரான ஆட்டக்காரர் போலிருக்கிறது’ என்று எழுதிவிடுவார். உண்மையில் அவர் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு ஜெயித்தவர். சாதாரண மனிதர்களின் நினைவை மட்டும் வைத்துக்கொண்டு வரலாறு எழுதினால் சாம்பியன்கள் எல்லாரும் கொஞ்சம் குள்ளமாகத்தான் தெரிவார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டுதான் ‘நான் அவரை டிரா பண்ணியிருக்கேன் சார்’ என்பதைக் கேட்க வேண்டும்.

இன்னொரு சங்கதி, அந்த டிராவில் பின்னால் நின்ற மாமாவின் பங்கு எவ்வளவு என்பது தாளில் இருக்காது. சைமலில் வேடிக்கை பார்க்கிறவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். ‘குதிரையைத் தொடாதே, குதிரையைத் தொடாதே’ என்று காதில் முணுமுணுப்பு வந்துகொண்டே இருக்கும். வீட்டுக்குப் போய்ச் சொல்லும்போது முணுமுணுப்பு மறைந்துவிடும்.

தாள் இருக்கிறது, நகர்த்தல்கள் சந்தேகமில்லாமல் தெரிகின்றன, ஆனாலும் நினைவுகள் ஒத்துப்போகாத இடமும் உண்டு. 1925 நவம்பர் 20. உலக சாம்பியன் கபாப்லாங்கா மாஸ்கோ போட்டியில் ஆடிக்கொண்டிருந்தவர், ஓய்வு நாளில் லெனின்கிராடுக்கு ரயிலேறிப் போய் ஒரு சைமல் ஆடினார். எதிரே உட்கார்ந்தவர்களில் ஒருவன் பதினாலு வயதுப் பையன், கண்ணாடி போட்டவன், பெயர் மிகயீல் போட்வின்னிக். பையன் ஜெயித்துவிட்டான். ஆட்டம் முழுசாக அச்சில் இருக்கிறது. தோற்ற சாம்பியன் என்ன செய்தார் என்பதில்தான் தகராறு. பையனின் ஆட்டத்தைப் பாராட்டினார் என்று ஒரு கதை. முகம் சுளித்துக் காய்களைத் தள்ளிவிட்டுப் போனார் என்று ஒரு கதை. இரண்டும் புத்தகங்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன. முப்பத்திரண்டாவது நகர்த்தல் எது என்று சொல்லிவிடலாம். ஒரு மனிதரின் முகம் எப்படி இருந்தது என்று சொல்ல முடியவில்லை. போட்வின்னிக் 1948இல் உலக சாம்பியன் ஆன பிறகு இந்தக் கதையைச் சொல்ல ஆசைப்பட்டவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்பதை யோசித்தால் இந்தக் குழப்பம் வியப்பளிக்காது.

அதே கபாப்லாங்கா 1922இல் அமெரிக்காவின் க்ளீவ்லாண்ட் நகரில் 103 பலகைகளில் ஆடி 102 ஜெயித்து ஒன்றே ஒன்றை டிரா செய்தார். அந்த ஒருவரின் வீட்டில் மூன்று தலைமுறைக்கு அதைப் பற்றித்தான் பேச்சு நடந்திருக்கும் என்று தோன்றுகிறது. எனக்கு என்னவோ அந்த 102 பேர் மேல்தான் அக்கறை. மறுநாள் அவர்களும் வேலைக்குப் போயிருப்பார்கள், ‘நேத்து எங்கே போயிருந்தே?’ என்று யாராவது கேட்டிருப்பார்கள்.

தோற்றவனுக்கும் சில நேரம் கணக்கு மாறிப்போகிறது. 1951 ஜனவரி 17 அன்று நியூயார்க் புரூக்ளினில் ஒரு நூலகத்தில் மாக்ஸ் பேவி என்ற மாஸ்டர் சைமல் ஆடினார். ஏழு வயதுப் பையன் ஒருவன் கால் மணி நேரத்தில் ராணியை இழந்து தோற்று அழுதான். அங்கே இருந்த புரூக்ளின் செஸ் கிளப் தலைவர் கார்மைன் நிக்ரோ அந்தப் பையனைக் கிளப்புக்கு வரச் சொன்னார். பையன்தான் ஃபிஷர். பேவி தம் காலத்தில் பெரிய ஆட்டக்காரர். 1939இல் ஸ்காட்லாந்து சாம்பியன் பட்டம் வென்றவர். இன்று அவர் பெயரை உச்சரிப்பவர்கள் எல்லாம் அந்த ஏழு வயதுப் பையனைத் தோற்கடித்தவர் என்றுதான் உச்சரிக்கிறார்கள்.

யாரென்று தெரியாத ஒருவன் வந்து பெரிய ஆட்டக்காரரை வெல்வது நம் ஊருக்கும் புதிதல்ல. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் திருப்பூவனூர் என்று ஒரு தலம் இருக்கிறது, அப்பர் பாடியது. அங்கே சுவாமிக்குப் பெயரே சதுரங்க வல்லபநாதர். சதுரங்கத்தில் யாராலும் ஜெயிக்க முடியாத ராஜகுமாரியை, முதியவராக வந்த சிவபெருமான் ஆடி ஜெயித்து மணம் முடித்தார் என்பது தலபுராணம். புராணத்தை வரலாறாகக் கொள்ளச் சொல்லவில்லை. ஆனால் ஊரார் ரசிக்கிற கதை எது என்பதை அது காட்டுகிறது. சாம்பியன் ஜெயித்தால் கதையில்லை.

சென்னைக்கு வருவோம். இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவல் ஆரோன் 1972இல் சோவியத் கலாசார மையத்தில் தால் செஸ் கிளப்பைத் தொடங்கினார். ஆரோனே பெரிய கோட்டைகளைத் தகர்த்தவர். 1960 லைப்சிக் ஒலிம்பியாடில் முன்னாள் உலக சாம்பியன் மாக்ஸ் யூவேயை ஜெயித்தவர். அந்தக் கிளப்புக்கு அம்மா சுசீலாவிடம் ஆட்டம் கற்ற ஒரு சின்னப் பையன் வந்துபோக ஆரம்பித்தான். மயிலாடுதுறையில் 1969இல் பிறந்த விஸ்வநாதன் ஆனந்த். அங்கே பிளிட்ஸ் என்கிற அதிவேக ஆட்டம்தான் பிரதானம். தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். ஜெயித்தவர் உட்கார்ந்த இடத்திலேயே அடுத்தவரோடு ஆடலாம். எழுந்திருக்க மனசில்லாத பையன் வேகமாக யோசிக்கக் கற்றுக்கொண்டான் என்பதை ஆனந்தே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

இன்றைக்குச் சென்னையிலோ, சென்னையை விட்டு வந்து இங்கே ஹைதராபாத், செகந்திராபாத்தில் குடியேறிய நம்மவர்களிடையிலோ அறுபதைத் தாண்டிய செஸ் பைத்தியங்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். ‘ஆனந்தா? அவன் அரை டிராயர் போட்டிருந்த காலத்துல நான் அவனை அடிச்சிருக்கேன்’ என்று பத்தில் இரண்டு பேராவது சொல்வார்கள். இதைச் சிரித்துத் தள்ளிவிடுவது சுலபம். நான் அப்படிச் செய்ய மாட்டேன். பத்து வயதுப் பையன் வளர்ந்த ஆட்டக்காரர்களிடம் நிச்சயம் தோற்றிருப்பான். தோற்காமல் யாரும் கற்றுக்கொள்வதில்லை. ஆகவே அவர்களில் பலர் சொல்வது உண்மையாகவே இருக்கும். ஆனால் பிளிட்ஸ் ஆட்டத்தை யாரும் எழுதி வைப்பதில்லை. ஐந்து நிமிஷ ஆட்டத்தில் பேனாவை எடுக்க ஏது நேரம்? ஃபிஷரிடம் தோற்ற அமெரிக்கக் குமாஸ்தாவுக்கு ஒரு தாள் சாட்சி சொல்கிறது. ஆனந்தை ஜெயித்த மயிலாப்பூர்க்காரருக்குச் சாட்சி யாருமில்லை. உண்மையைச் சொல்கிறவரும் கதை விடுகிறவரும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டியிருக்கிறது.

இப்படிப்பட்ட பேச்சில் எது நம்பத்தக்கது என்று பிரிப்பதற்கு எனக்கு ஒரு வழி தெரிகிறது. ஜெயித்தேன் என்கிற பகுதியை ஓரமாக வைத்துவிட்டு மற்றதைக் கேட்க வேண்டும். ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் ஒருவரிடம் நான் பேசியபோது, தான் ஒரு தரம் ஜெயித்ததைப் பற்றி அவருக்கே சந்தேகம் இருந்தது. அது ஆனந்தா, வரிசையில் நின்ற வேறு பையனா என்று தெரியவில்லை என்றார். ஆனால் தோற்ற விதத்தை நேற்று நடந்தது போலச் சொன்னார். பையன் யோசிக்கிற மாதிரியே தெரியாது, நாம் கடிகாரத்தைத் தட்டின கை திரும்புவதற்குள் அவன் தட்டியிருப்பான், அந்த வேகமே நம்மைத் தப்பு செய்ய வைக்கும் என்றார். பின்னால் உலகமே ஆனந்தின் வேகத்தைப் பற்றிப் பேசியது. பெருமைக்காகச் சொல்லப்பட்ட பகுதியைவிடப் பெருமையில்லாத பகுதியில் சரக்கு அதிகம்.

நம் ஊரிலேயே நடந்த ஒரு சைமலை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியாது. 2010 ஆகஸ்டில் சர்வதேசக் கணித மாநாடு முதன்முறையாக இந்தியாவில், நம் ஹைதராபாத்தில் கூடியது. ஆகஸ்ட் 24 அன்று அப்போதைய உலக சாம்பியனான ஆனந்த் அங்கே 40 பேரோடு ஆடினார். பல நாட்டுக் கணித அறிஞர்கள். 39 பேர் தோற்றார்கள். டிரா செய்தது ஒரு பதினாலு வயது மாணவன்! கணக்கில் புலியாக இருந்தால் செஸ்ஸிலும் புலி என்று நம் வீடுகளில் நம்புகிறார்களே, அவர்கள் கவனிக்க. அதே சமயம் ஆனந்துக்குத் தரப்படுவதாக இருந்த கௌரவ டாக்டர் பட்டம் குடியுரிமை பற்றிய ஒரு கேள்வியால் தள்ளிப்போக, பத்திரிகைகளில் அந்த விவகாரமே பெரிதாக வந்தது. நாற்பது ஆட்டங்களும் பின்னுக்குப் போய்விட்டன. அந்த 39 பேர் பிரேசிலிலோ ஜப்பானிலோ தங்கள் மாணவர்களிடம் ஹைதராபாத்தில் தோற்ற கதையைச் சொல்லிக்கொண்டிருக்கக் கூடும். நம்மிடம் அது இல்லை.

தாளில் ஏறாத விஷயங்களில் மிகப் பெரியது சாம்பியனின் மனசு. மிகேல் நஜ்டார்ஃப் போலந்து யூதர். 1939இல் ப்யூனஸ் ஐரிஸ் ஒலிம்பியாடில் ஆடிக்கொண்டிருந்தபோது போர் மூண்டது, அர்ஜென்டினாவிலேயே தங்கிவிட்டார். மனைவி, குழந்தை, பெற்றோர் எல்லாரும் போலந்தில். 1943இல் ரொசாரியோவில் 40 பலகைகளையும், 1947இல் சாவோ பாவ்லோவில் 45 பலகைகளையும் பார்க்காமலேயே, நினைவிலிருந்தே ஆடினார். சாவோ பாவ்லோவில் 39 வெற்றி, 4 டிரா, 2 தோல்வி. இப்படி ஒரு சாதனை செய்தால் உலகப் பத்திரிகைகளில் செய்தி வரும், உயிரோடு யாராவது இருந்தால் பார்த்துவிட்டுத் தொடர்பு கொள்வார்கள் என்பது அவருடைய எண்ணம். யாரும் தொடர்பு கொள்ளவில்லை, எல்லாரும் கொல்லப்பட்டிருந்தார்கள். எதிரே ஆடியவர்களின் தாள்களில் குதிரை, யானை, சிப்பாய் நகர்ந்த விவரம் மட்டும் இருக்கிறது.

இதற்கு நேர்மாறான ஒரு சம்பவத்தையும் சொல்லிவிட வேண்டும். 2021 ஜூன் 13 அன்று, கொரோனா நிவாரண நிதிக்காக ஆனந்த் இணையம் வழியாகப் பிரபலங்கள் பலரோடு ஒரு சைமல் ஆடினார். சினிமா நடிகர்கள், கிரிக்கெட் வீரர் என்று பலர். அவர்களில் ஒரு தொழிலதிபர் ஆனந்தை ஜெயித்தார். மறுநாளே, கம்ப்யூட்டரும் தெரிந்தவர்களும் சொல்லிக்கொடுத்து ஆடியதாக அவரே ஒப்புக்கொண்டார். தர்ம காரியம்தானே, விளையாட்டாகச் செய்தது என்று சிலர் சமாதானம் சொன்னார்கள். எனக்கு அது ஏற்கவில்லை. ஒரு உலக சாம்பியன் முன்னால் உட்கார்ந்து நம் புத்தியால் இருபது நகர்த்தல் தாங்கினோமா, முப்பது தாங்கினோமா என்பது பணத்தால் கிடைக்காத சொத்து. அதை வைத்துக்கொண்டுதான் மற்றவர்கள் வீட்டுக்குப் போனார்கள். ஜெயித்தவருக்கு மட்டும் சொல்லிக்கொள்ள ஒரு ஆட்டம் இல்லாமல் போய்விட்டது.

இனிமேல் வரும் காலத்தில் இந்தத் தகராறுகள் குறையும் என்று நினைக்கிறேன். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலகப் பட்டம் வென்ற குகேஷுக்கு அப்போது வயது பதினெட்டு. அவரோடு எட்டு வயதுப் பிரிவிலும் பத்து வயதுப் பிரிவிலும் ஆடிய பிள்ளைகள் இன்று இஞ்சினியரிங் படித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களும் ‘நான் குகேஷை ஜெயிச்சிருக்கேன்’ என்பார்கள். கேட்கிறவன் உடனே போனை எடுத்துப் பார்த்துவிடலாம். எந்தப் போட்டி, எத்தனாவது சுற்று, என்ன முடிவு என்பதெல்லாம் இணையத்தில் பதிவாகியிருக்கிறது. பொய் சொல்ல வழியில்லை. கொஞ்சம் மிகைப்படுத்தவும் வழியில்லை. அதில் எனக்கு ஒரு சின்ன வருத்தம்.

ஆனால் 1970, 80களின் ஆட்டங்களுக்கு அந்த வசதி கிடையாது. அவை பீரோவிலும் பரணிலும் இருக்கின்றன. நம் சங்க அன்பர்களில் யாரிடமாவது, அல்லது அவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம், பெரிய ஆட்டக்காரர்களோடு ஆடிய ஸ்கோர் ஷீட் இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். தோற்ற ஆட்டமாக இருந்தால் ரொம்ப விசேஷம், அதுதான் கிடைப்பதில்லை. தேதி இல்லாவிட்டாலும் கவலையில்லை. நகர்த்தலை ‘பி–கே4’ என்ற பழைய முறையில் எழுதியிருக்கிறார்களா, ‘ஈ4’ என்ற அல்ஜீப்ரா முறையிலா என்று பார்த்தாலே காலத்தை ஓரளவு ஊகித்துவிடலாம். 1981 முதல் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு அல்ஜீப்ரா முறையை மட்டுமே ஏற்றுக்கொண்டது. தாளின் பின்பக்கத்தில், பென்சிலால், எந்த ஊர், எந்த இடம், பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார், பின்னால் நின்று யார் சொல்லிக்கொடுத்தார் என்பதையும் எழுதி வையுங்கள். மடிப்பில் கிழிந்திருந்தால் கிழிந்தபடியே இருக்கட்டும், செல்லோடேப் மட்டும் ஒட்டாதீர்கள். பத்து வருஷத்தில் அது மஞ்சளாகி எழுத்தையும் தின்றுவிடும்.